டிராக்டருக்கு டிப்பர், டோசர் மாட்டுகிறீர்களா? வால்வும் ஓஸும் வாங்கும் முன் படிக்க வேண்டிய குறிப்புகள்

பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணையில் எரு அள்ள, காங்கேயம், தாராபுரம் மேட்டுக்காடுகளில் சீமைக்கருவேலத்தைத் தள்ள, உடுமலைத் தென்னந்தோப்பில் மட்டையும் காயும் ஏற்றி இறக்க என்று டிராக்டரில் ஹைட்ராலிக் கருவி மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கருவியை அடித்துத் தரும் பட்டறையே வால்வையும் ஓஸையும் சேர்த்துப் போட்டுத் தந்துவிடுவதால் அவற்றை நின்று பார்ப்பவர் குறைவு. எண்ணெய் ஒழுகத் தொடங்கிய பிறகு பழைய ஓஸ் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். அந்தத் துண்டு ஏற்கெனவே தவறான அளவாக இருந்தால், அதே தவறைக் காசு கொடுத்து மறுபடி வாங்கி வருவோம்.

கடைக்குப் போகும் முன் நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும், ரிலீஃப் வால்வு எத்தனை பாரில் திறக்கும், ஜாக்கியின் உள்விட்டம் என்ன, தண்டு எத்தனை நீளம் வெளியே வரும். வால்வும் ஓஸும் இந்த நான்கிலிருந்துதான் வரவேண்டும்.

1. பம்பின் அளவு டிராக்டரோடு வந்த கையேட்டில் இருக்கும். நம் பக்கம் ஓடும் 35 முதல் 50 எச்.பி. வண்டிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 15 முதல் 40 லிட்டர், அழுத்தம் 150 முதல் 200 பார். கையேட்டில் போட்டிருக்கும் லிட்டர், எஞ்சின் முழு ஓட்டத்தில் கிடைப்பது. ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் எண்ணெயும் குறையும். கையேடு தொலைந்திருந்தால் ஷோரூமில் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்து வண்டியின் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

2. பல டிராக்டர்களில் ஹைட்ராலிக் எண்ணெயும் பின்பக்க கியர் எண்ணெயும் ஒன்றே. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே தயாரிக்கும் மாஸி பெர்குசன் வண்டிகளில் பம்பு கியர் பெட்டிக்குள்ளேயே எண்ணெயில் மூழ்கி இருக்கும் அமைப்பு பல தலைமுறையாக வருகிறது. இப்படிப்பட்ட வண்டியில் வெளியே மாட்டும் ஒவ்வொரு ஓஸும் கியர் பெட்டிக்குத் திறந்த வாசல். இரவல் டிரெய்லரை மாட்டினால் அதன் ஜாக்கியில் கிடக்கும் கறுத்த எண்ணெயும் மண்ணும் உங்கள் கியருக்கும் பிரேக்குக்கும் போய்ச் சேரும். டிரெய்லரை வாடகைக்கு விடுகிறவர்களும் எடுக்கிறவர்களும் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

3. ஒரு ஓஸா, இரண்டு ஓஸா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கலப்பையைத் தூக்கும் மூன்று புள்ளி இணைப்பை ஹாரி பெர்குசன் வடிவமைத்தபோது, எண்ணெய் தூக்க மட்டும்தான். இறங்குவது கருவியின் சொந்த எடையால். இன்றும் அப்படியே. சாய்த்துக் கொட்டும் டிரெய்லருக்கும் அது போதும், ஒரே ஓஸ். டோசர் பிளேடு, லோடர் வாளி, திருப்பிப் போடும் கலப்பை ஆகியவற்றுக்கு இரு பக்கமும் தள்ளும் ஜாக்கி தேவை. அதற்கு இரண்டு ஓஸும், போய்வரும் இரண்டு பாதைகளையும் ஆளும் டபுள் ஆக்டிங் வால்வும் வேண்டும்.

4. ஜாக்கியின் பலத்தை வீட்டிலேயே கணக்குப் போடலாம். உள்விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் பரப்பு. அதை அழுத்தத்தால் பெருக்கினால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். 63 மி.மீ. ஜாக்கி 150 பாரில் சுமார் 4.7 டன் தள்ளும். 80 மி.மீ. என்றால் 7.5 டன்.

அடுத்து நேரம். 80 மி.மீ. ஜாக்கி அரை மீட்டர் நீள இரண்டரை லிட்டர் எண்ணெய் வேண்டும். 30 லிட்டர் பம்புக்கு அது 5 விநாடி. லோடருக்கு இரண்டு ஜாக்கி என்பதால் 10 விநாடி. 17 லிட்டர் பம்பு உள்ள வண்டியில் இதே வாளி மேலே போக 18 விநாடி பிடிக்கும். "வால்வு சரியில்லை, மெதுவாகத் தூக்குது" என்று வால்வை மாற்றுகிறவர்களில் பலருக்குக் குறை பம்பின் அளவில்தான் இருக்கிறது. பெரிய வால்வு எண்ணெயை உற்பத்தி செய்யாது.

5. வால்வு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: லீவர் நடுவில் நிற்கும்போது பம்பின் எண்ணெய் எங்கே போகிறது? டிராக்டரின் கியர் பம்பு எஞ்சின் ஓடும்வரை எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது தடையில்லாமல் டேங்குக்குத் திரும்பும் 'ஓப்பன் சென்டர்' வால்வுதான் அதற்குப் பொருந்தும். நடுவில் பாதையை அடைத்துவிடும் 'குளோஸ்டு சென்டர்' வால்வை மாட்டினால், நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதும் பம்பு ரிலீஃபை முட்டித் திறந்து ஓடும். 30 லிட்டர், 150 பாரில் அப்படி வீணாவது ஏழரை கிலோவாட், அதாவது ஒரு 10 எச்.பி. போர்வெல் மோட்டார் எடுக்கும் சக்தி. அத்தனையும் சூடாக மாறி எண்ணெயில் இறங்கும். பழைய இரும்புக் கடையில் வேறு இயந்திரத்திலிருந்து கழற்றிய வால்வு மலிவாகக் கிடைக்கும்போது இதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

6. கடையில் "40 லிட்டர் வால்வு", "80 லிட்டர் வால்வு" என்று மோனோபிளாக் வால்வுகள் கிடைக்கும். 30 லிட்டர் பம்புக்கு 40 லிட்டர் வால்வு தாராளம். லீவர் எண்ணிக்கையைத் தேவைக்கு மேல் ஒன்று கூட்டி வாங்கினால், பிறகு இன்னொரு ஜாக்கி வைக்கும்போது முழுதாக மாற்ற வேண்டியிருக்காது. டோசருக்கு என்றால் 'ஃப்ளோட்' நிலை உள்ள லீவராகக் கேளுங்கள். அந்த நிலையில் ஜாக்கியின் இரு பக்கமும் டேங்கோடு திறந்திருக்கும். பிளேடு நிலத்தின் மேடு பள்ளத்தைத் தானே தடவிக்கொண்டு போகும். அது இல்லாத வால்வில், ஓட்டுகிறவர் நாள் முழுக்க லீவரை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஜாக்கிக்குப் பதில் ஹைட்ராலிக் மோட்டார் சுற்றப் போகிறது என்றால் அதற்கு வேறு ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் தண்டு).

7. ஏற்கெனவே ஒரு வால்வு இருந்து, அதற்குப் பின்னால் இன்னொன்றை இணைக்கும்போது முதல் வால்வின் ரிட்டர்ன் வாயிலிருந்து ஓஸ் இழுத்து இரண்டாவதற்குக் கொடுக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. ஆபத்தான வேலை. ரிட்டர்ன் பக்கம் அழுத்தம் தாங்க வார்க்கப்பட்டதல்ல. சீல் பிதுங்கும், மூடி வெடிக்கும். இரண்டாவது வால்வுக்கு அழுத்த எண்ணெயைத் தனிப் பாதையில் கொடுக்கும் 'பவர் பியாண்ட்' அடாப்டர் போட இடமுள்ள வால்வா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

8. ரிலீஃப் ஸ்க்ரூவை முறுக்காதீர்கள். "அரைச் சுத்து டைட் பண்ணினா தூக்கும்" என்பது எல்லாப் பட்டறையிலும் காதில் விழும். அந்த அரைச் சுற்று எத்தனை பார் ஏற்றியது என்று கேஜ் மாட்டாமல் யாருக்கும் தெரியாது. கிளிசரின் நிரப்பிய 0–250 பார் கேஜ் ஒன்று வாங்கி, டீ அடாப்டரோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். புது வால்வின் ரிலீஃபை டிராக்டரின் சொந்த ரிலீஃபுக்குச் சற்றுக் கீழே வைத்தால் வண்டியின் பம்பு பிழைக்கும்.

9. ஸ்பூல் வால்வு சுமையை நிரந்தரமாகப் பிடித்து வைக்காது. ஸ்பூலுக்கும் உடம்புக்கும் நடுவில் சில மைக்ரான் இடைவெளி உண்டு. அது வழியாக எண்ணெய் கசிந்து, தூக்கி வைத்த வாளி மெல்ல இறங்கும். புது வால்விலும் இது நடக்கும். தூக்கியே நிற்க வேண்டிய கருவியானால் ஜாக்கியின் மேலேயே லாக் வால்வு பொருத்துங்கள். டிப்பர் வேகமாக இறங்குவதைத் தடுக்கும் ஒருவழிக் கட்டுப்பாட்டு வால்வும் ஜாக்கியின் வாயில்தான் இருக்க வேண்டும். லீவர் பக்கம் வைத்தால், நடுவில் ஓஸ் வெடிக்கிற அன்று அது இருந்தும் பயனில்லை.

10. ஓஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். திருப்பூரில் நாடா பின்னும் மெஷின் பார்த்தவர்களுக்கு ஓஸின் உள்ளமைப்பு எளிதில் புரியும்: நூலுக்குப் பதில் எஃகுக் கம்பி, இரு திசையிலும் குறுக்கே ஓடிப் பின்னிய வலை. 'ஆர்.1' அல்லது '1 எஸ்.என்.' என்றால் ஒரு வலை; 'ஆர்.2', '2 எஸ்.என்.' என்றால் இரண்டு. ஐரோப்பிய அளவுகோலான இ.என். 853-ன்படி அரை அங்குல ஒற்றை வலை ஓஸ் 160 பார் தாங்கும். இரட்டை வலை 275 பார். அதையே முக்கால் அங்குலத்தில் பார்த்தால் 105, 215 என்று குறைந்துவிடும். ஓஸ் தடிக்கத் தடிக்கத் தாங்கும் அழுத்தம் குறையும் என்பதை மறந்து "பெருசா போடுங்க" என்று சொல்லிவிடக் கூடாது.

180 பார் ரிலீஃப் உள்ள வண்டிக்கு ஒற்றை வலை அரை அங்குலம் போதாது. வெடிக்கும் அழுத்தம், ஓஸ் தாங்கும் அழுத்தத்தைப் போல நான்கு மடங்கு என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். அந்த நான்கு மடங்கு, நிறைந்த வாளியோடு மண் ரோட்டில் குதித்துப் போகும்போது நொடிக்கு நொடி எகிறும் அழுத்தத்துக்காகவும், வெயிலிலும் வயதிலும் குறையும் பலத்துக்காகவும் ஒதுக்கியது. அதைக் கடன் வாங்கக் கூடாது.

11. உள்விட்டத்தை எண்ணெயின் வேகம் முடிவு செய்யட்டும். அழுத்த ஓஸில் நொடிக்கு 4 முதல் 6 மீட்டர் நல்லது. 30 லிட்டர் எண்ணெய் அரை அங்குல ஓஸில் நொடிக்கு 4 மீட்டர் போகும். கால் பங்கு ஒல்லியான 3/8 அங்குலத்தில் 7. கால் அங்குலத்தில் கிட்டத்தட்ட 16. கால் அங்குல ஓஸ் அழுத்தத்தை நன்றாகவே தாங்கும், ஆனால் எண்ணெய் கொதிக்கும், ஜாக்கி ஊரும். 20 லிட்டருக்குக் கீழுள்ள பம்புக்கு 3/8 போதும்.

12. ரிட்டர்ன் ஓஸை ஒல்லியாகப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். 80 மி.மீ. ஜாக்கியில் 45 மி.மீ. தண்டு இருந்தால், தண்டு உள்ளே போகும்போது பம்பு தள்ளும் 30 லிட்டருக்கு மறுபக்கத்திலிருந்து 44 லிட்டர் வெளியே வரும். அத்தனையும் ரிட்டர்ன் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு அளவு பெரிதாகவே போடுங்கள்.

13. பி.டி.ஓ.வில் தனிப் பம்பும் தனி டேங்கும் வைக்கும் கருவியானால், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு ஓஸ் எல்லாவற்றையும்விடத் தடிமனாக, குட்டையாக, உள்ளே சுருள் கம்பி உள்ளதாக இருக்க வேண்டும். சாதாரண ஓஸ் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். பம்பு காற்றுக்குத் திணறி அலறும். டேங்க், பம்பின் நிமிட லிட்டரைப் போல இரண்டு மூன்று மடங்கு.

14. மரை விஷயத்தில் வெர்னியர் வையுங்கள். அரை அங்குல பி.எஸ்.பி. ஆண் மரையின் வெளிவிட்டம் 20.9 மி.மீ. வரும், அதே ஓஸுக்கு வரும் ஜே.ஐ.சி. மரை 19 மி.மீ.; மெட்ரிக் பெரும்பாலும் 22. இதெல்லாம் மாறினால் ஏறவே ஏறாது, தெரிந்துவிடும். சிக்கல் பி.எஸ்.பி.க்கும் என்.பி.டி.க்கும் நடுவில். அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை. ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. இரண்டு மூன்று சுற்று இனிதாக ஏறும். பிறகு ஒழுகும். ஒழுகலை டெஃப்லான் டேப் சுற்றி அடைத்தால், டேப்பின் நார் பிய்ந்து ஸ்பூலுக்குள் போகும். நேர் மரைக்கு டவுட்டி வாஷர் அல்லது ஓ ரிங்தான் சீல்.

15. நீளத்தை, கருவியை முழுக்கத் தூக்கி ஒரு முறை, முழுக்க இறக்கி ஒரு முறை, பக்கவாட்டில் திரும்புவதானால் அப்படியும் ஒரு முறை அளந்து எடுங்கள். அழுத்தம் ஏறும்போது ஓஸ் 4 சதவீதம் வரை சுருங்கக்கூடும் என்பதால் கொஞ்சம் தொய்வு வேண்டும். இரட்டை வலை அரை அங்குல ஓஸை 18 செ.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. அதாவது அது போடும் வட்டம் ஒரு முழம் அகலத்துக்குச் சற்றே குறைவாக இருக்கலாம், அதைவிடச் சின்னதாகப் போகக் கூடாது. இடமில்லையென்றால் 90 டிகிரி எல்போ போடுங்கள். மேலே நீளமாக ஓடும் எழுத்து வரியைப் பாருங்கள்: அது திருகு போலச் சுற்றிப் போயிருந்தால் ஓஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அழுத்தம் ஏறும்போதெல்லாம் அது நட்டைக் கழற்றப் பார்க்கும்.

16. ஓஸ் பிரஸ் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெட்டிய பிறகு உள்ளே கம்பித் தூளும் ரப்பர் துகளும் இருக்கும். அவற்றை ஊதிச் சுத்தம் செய்த பிறகே ஃபிட்டிங் போட வேண்டும். எத்தனை ஆழம் உள்ளே போக வேண்டும் என்று சாக்பீஸால் குறித்துவிட்டுச் செருகுகிறாரா, பிரஸ் செய்த பிறகு ஃபெரூலின் விட்டத்தை அட்டவணையோடு ஒத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். செய்கிறவர் நல்ல தொழிலாளி. பழைய ஃபிட்டிங்கைப் பிய்த்துப் புது ஓஸில் மறுபடி பிரஸ் செய்யச் சொல்லி அவரை நெருக்காதீர்கள்.

திருப்பூரில் வேஸ்ட் துணியை அமுக்கிக் கட்டும் பேலிங் பிரஸ்ஸுக்கு வாங்கும் ஓஸையே டிராக்டருக்கும் தருவார்கள். அழுத்தக் கணக்கில் குறை இருக்காது. ஆனால் பிரஸ் ஓஸ் கூரைக்குக் கீழே அசையாமல் இருப்பது. உங்களுடையது வெயிலில் உராய்ந்துகொண்டே ஓடுவது. வெளித்தோல் தடிமனான ரகத்தைக் கேட்டு வாங்குங்கள், உராயும் இடத்தில் பிளாஸ்டிக் சுருள் உறை போடுங்கள்.

17. பனியன் வேஸ்ட்டால் ஓஸ் வாயை அடைக்காதீர்கள். இது நம் ஊருக்கென்றே எழுத வேண்டிய குறிப்பு. கட்டிங் வேஸ்ட் இங்கே மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பட்டறைகளில் கை துடைக்க, எண்ணெய் துடைக்க அதைப் போல மலிவான, நன்றாக உறிஞ்சும் துணி வேறில்லை. தரையைத் துடைக்கவும் வெளிப்புறத்தைத் துடைக்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பின்னலாடை வெட்டிய ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும், பஞ்சு உதிரும். திறந்திருக்கும் வால்வு வாயிலோ ஓஸ் முனையிலோ அதைச் செருகி வைத்தால் எடுக்கும்போது நாலு நார் உள்ளேயே தங்கும். தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் நகரும் ஸ்பூலுக்கு அந்த நார் போதும்: லீவர் நடுவுக்குத் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும், ஃபில்டரில் பஞ்சு படிந்து பம்பு பட்டினி கிடக்கும். திறந்த முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பை நிறைய வாங்கி வையுங்கள். அவசரத்துக்குச் சுத்தமான பாலித்தீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டால்கூட வேஸ்ட்டைவிட நல்லது.

18. கப்ளர் இரு பக்கமும் ஒரே அளவுகோலாக இருக்க வேண்டும். டிராக்டரில் பரவலாக வருவது ஐ.எஸ்.ஓ. 7241-ன் 'ஏ' வகை, அரை அங்குலம். மூடியோடு வாங்குங்கள். கழற்றும் முன் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை இரு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். இதைச் செய்யாமல் கழற்றி வெயிலில் போட்ட டிரெய்லர், மதியம் எண்ணெய் விரிந்து இறுகி, மறுபடி மாட்ட மறுக்கும். சுத்தியலால் கப்ளரைத் தட்டினால் மாட்டும், அன்றிலிருந்து ஒழுகும்.

19. கோழி எரு அள்ளும் லோடரில் பித்தளை ஃபிட்டிங் கூடாது. எருவிலிருந்து வரும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்தால் பித்தளையை உள்ளுக்குள் வெடிக்கச் செய்யும். வெளியே பளபளவென்று இருக்கும். எஃகு ஃபிட்டிங் போட்டு, வேலை முடிந்ததும் கழுவுங்கள். கழுவும் தண்ணீரையும் பாருங்கள். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும் நமக்குத் தெரியும். நொய்யல் ஓரக் கிணறுகளில் உப்பு இன்னும் இருக்கிற இடங்களில், அந்தத் தண்ணீர் ஃபெரூலின் துத்தநாகப் பூச்சைத் தின்று, ஓஸின் கம்பி வலை வரை துருவைக் கொண்டுபோகும். நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பின் ஃபெரூல்களின் மேல் கிரீஸ் தடவுங்கள்.

20. முதல் ஓட்டத்துக்கு முன் எண்ணெய்க் கணக்கு. சராசரி 10 செ.மீ. விட்டமுள்ள டிப்பர் ஜாக்கி ஒன்றரை மீட்டர் நீண்டால் ஏறக்குறைய 12 லிட்டரை உள்ளே வாங்கிக்கொள்ளும். அத்தனையும் உங்கள் கியர் பெட்டியிலிருந்து போகிறது என்றால், டிப்பர் உயரத்தில் நிற்கும்போது கியர்கள் எண்ணெய் இல்லாமல் சுற்றும். வெளியே எத்தனை லிட்டர் வரை எடுக்கலாம் என்று கையேட்டில் இருக்கும். முதலில் சுமையில்லாமல், எஞ்சினைக் குறைந்த வேகத்தில் வைத்து, ஜாக்கியைப் பல முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு எல்லா ஜாக்கியும் உள்ளே இருக்கும் நிலையில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். தனி டேங்க் கருவிக்கு நம் வெயிலில் 68 நம்பர் எண்ணெய் பொருந்தும்; டிராக்டரின் சொந்த எண்ணெய்க்குக் கையேடு சொல்வதை மட்டும் கேளுங்கள்.

21. ஒழுகும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து 150 பாரில் வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள், எண்ணெய்க் கோடு அதில் விழும். ஒருவேளை பட்டுவிட்டால் காயம் எறும்பு கடித்த அளவுதான் தெரியும், முதலில் வலியும் குறைவாக இருக்கலாம். அதை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். உள்ளே எண்ணெய் பரவிச் சதை அழுகி, விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். 108-ஐ அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். "அதிக அழுத்த எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள், டி.டி. ஊசியோடு திரும்பி வராதீர்கள். வண்டி ஓட்டுகிற ஆளுக்கு மட்டுமின்றி வீட்டில் உள்ள எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

22. தூக்கிய டிப்பருக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் நுழையக் கூடாது, கிரீஸ் அடிக்க ஒரு நிமிடம் என்றாலும். வால்வு லீவருக்குப் பூட்டுக் கம்பி வைக்கச் சொல்லுங்கள். நிறுத்திய வண்டியில் குழந்தைகள் ஏறி முதலில் இழுப்பது அதைத்தான். கொட்டும் இடத்தில் தலைக்கு மேலே இ.பி. லைன் போகிறதா என்று இறங்கிப் பாருங்கள்.

23. வெளித்தோலில் வெடிப்பு விட்டுக் கம்பி தெரிந்தாலோ, தோல் கொப்புளித்தாலோ, ஃபெரூல் ஓரம் ஈரம் கசிந்தாலோ அந்த ஓஸை மாற்றிவிடுங்கள். டியூப் வெட்டிச் சுற்றிக் கம்பி கட்டி ஓட்டாதீர்கள். மாற்றிய தேதியை ஓஸிலேயே ஒரு தகடு கட்டிக் குறித்து வையுங்கள்.

24. அதிகம் அசையும் ஓஸ் ஒன்றை உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊரே காலியாகி நாலைந்து நாள் ஓஸ் கடை திறக்காது. உதிரி ஓஸின் இரு முனைக்கும் மூடி போட்டு, வளைக்காமல், வெயிலும் மோட்டாரும் இல்லாத அறையில் வையுங்கள். மோட்டாரின் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். கூடவே டவுட்டி வாஷரும் ஓ ரிங்கும் அளவுக்கு இரண்டு. ஒவ்வொரு ஓஸின் நீளம், உள்விட்டம், இரு முனை மரை, எல்போ எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு டூல் பெட்டியில் வைத்துவிட்டால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யார் கடைக்குப் போனாலும் சரியான ஓஸ் வந்து சேரும்.